பிளாஸ்டர் தலையின் மூக்கு

பண்டைய கிரேக்கர்களுக்கு நெற்றியிலிருந்து நுனிவரை ஒரே கோடாக இறங்கும் மூக்கு இருந்தது என்று உலகம் நம்புகிறது.

இது பிழை. மிகப் பெரிய பிழை. இதைத் திருத்தாமல் கதைக்குள் கால் வைப்பது பொறுப்பற்ற செயல்.

அப்படிப்பட்ட மூக்கு இருந்தது அவர்களுடைய சிலைகளுக்கு. மனிதர்களின் மூக்கு எப்படி இருந்தது என்று சொல்ல இன்று ஆளில்லை. மழைக்காலத்தில் ஒழுகியிருக்கும். வெயிலில் தோல் உரிந்திருக்கும். அத்தையின் மூக்கு மருமகளுக்கு வந்து, கல்யாணப் பேச்சில் அடிபட்டிருக்கும். எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்தவர் ஒருவர் இருந்தார். அறிந்திருந்தும் ஒரு மூக்கினால் இரண்டு முறை பரீட்சையில் தோற்றார்.

அவர் பெயர் அறவாழி.


"நான் எங்க தப்பு பண்றேன் மேடம்?" என்று கேட்டார் அறவாழி.

நிலோபர் அறவாழியின் படத்தில் மூக்கைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். அடுத்த மாணவியிடம் போனார்.

இடம், ஓர் ஓவியக் கல்லூரியின் மாலை வகுப்பு. நடுவில் ஒரு முக்காலி. அதன் மேல் ஒரு பிளாஸ்டர் தலை. கிரேக்க இளைஞன் ஒருவனின் சிலையிலிருந்து அச்செடுத்து, அந்தக் காலத்தில் கப்பலில் வந்திறங்கியது. அன்று முதல் எல்லா மாணவர்களும் அதைத்தான் வரைகிறார்கள். வரைதல் தேர்வும் அந்தத் தலைதான்.

நிலோபர் வரைதல் ஆசிரியை. வயது முப்பத்து மூன்று. அறவாழிக்கு நாற்பத்து நான்கு. மாணவர் ஆசிரியையை மேடம் என்றார். ஆசிரியை மாணவரைச் சார் என்றார். ஆகவே அங்கே யாரும் யாரையும் திட்ட வழியில்லை.

மற்ற மாணவர்களுக்கு இருபது வயதுக்குள். முதல் நாள் அவர்கள் அறவாழியை அங்கிள் என்றார்கள். இரண்டு வாரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு அது அண்ணா ஆயிற்று. அந்தப் பிளாஸ்டர் தலையையும் அவர்கள் சும்மா விடவில்லை. அதற்கு 'மேடத்தோட தம்பி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆசிரியையைப் பற்றி இப்படிப் பேசுவது அறவாழிக்குப் பிடிக்கவில்லை. பெரியவர் என்ற முறையில் ஒரு முறை கண்டித்தும் பார்த்தார். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.


அறவாழி புறாக்குன்றில் சுற்றுலா வழிகாட்டி.

பத்தொன்பது வருஷமாக அவர் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. அதில் அவருடைய படமும் ஓர் எண்ணும் இருந்தன. சென்ற வருஷம் விதி மாறியது. ஓவியமும் கலை வரலாறும் சேர்ந்த பட்டயப் படிப்பை முடிக்காதவர்களுக்கு அட்டையைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வந்தது.

கலை வரலாற்றுத் தாளில் அறவாழி கல்லூரியிலேயே முதல். விடைத்தாளைத் திருத்திய பேராசிரியர் அதில் இருந்த இரண்டு ஆண்டுக் குறிப்புகளைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டதாகச் சொல்வார்கள்.

வரைதலில் நவம்பரில் ஒரு முறை தோல்வி. ஏப்ரலில் ஒரு முறை தோல்வி. மூன்றாவது வாய்ப்பு கடைசி. அதிலும் தவறினால் டிசம்பரில் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அது இல்லாவிட்டால் நீங்கள் யார் என்று அவருடைய மனைவி ஒரு நாள் கேட்டாராம். வம்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அறவாழி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.


மறுநாள் அறவாழி கையில் ஒரு கனமான புத்தகத்தோடு வந்தார். நூலகத்துப் புத்தகம்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார். மூலச் சிலையின் புகைப்படம். மூக்கு நேராக இருந்தது. பக்கத்தில் தன் படத்தை வைத்தார். மூக்கு நேராக இருந்தது.

பிறகு தன் தரப்பைச் சொன்னார். நெற்றியும் மூக்கும் ஒரே கோட்டில் அமைவது அந்தக் காலத்துச் சிற்பிகள் தங்களுக்கு வகுத்துக்கொண்ட முறை. இந்தச் சிலையைச் செய்த பட்டறையின் தலைகளில் அதை மீறியது ஒன்றுகூட இல்லை. ஆகவே வட்டம் போட வேண்டிய இடம் வேறு.

கடைசி வாக்கியத்தை மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

நிலோபர் புகைப்படத்தைப் பார்த்தார். அதில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுந்தது. அறவாழியின் படத்திலும் இடப்பக்கத்திலிருந்து விழுந்தது. வகுப்பின் ஒரே ஜன்னல் வலப்பக்கத்தில் இருந்தது. 

நிலோபர் புத்தகத்தை மூடினார். முக்காலியிலிருந்து தலையை இறக்கினார். அந்த இடத்தில் புத்தகத்தை வைத்தார்.

"இதை வரைங்க சார்."

"புத்தகத்தையா?"

"ஆமா."

அறவாழி இருபது நிமிடத்தில் வரைந்து முடித்தார். பிய்ந்த தையல் இருந்தது. பூச்சி அரித்த ஓரம் இருந்தது. அட்டையில் யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம், பாதி அழிந்தபடி இருந்தது. வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழுந்தது.

நிலோபர் அதை எடுத்துச் சுவரில் ஒட்டினார். அறவாழியின் படம் சுவருக்குப் போவது அதுவே முதல் முறை.

"இது பாஸா மேடம்?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"அப்ப அது?"

நிலோபர் தலையை மறுபடி முக்காலியில் ஏற்றினார்.

"அதை நீங்க இன்னும் ஆரம்பிக்கலை."

"முப்பத்தி நாலு படம் போட்டிருக்கேன் மேடம்."

"ஆமா. நானும் எண்ணினேன்."


தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது.

அன்று நிலோபர் அறவாழியைக் கூப்பிட்டு, இந்தத் தலையைப் பற்றி வகுப்புக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

அறவாழிக்கு முகம் மலர்ந்தது. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முக்காலிக்கு முன்னால் வந்து நின்றார். காட்ட வேண்டிய பொருள் பின்னால், கேட்க வேண்டிய கூட்டம் முன்னால். எல்லா ஊரிலும் எல்லா வழிகாட்டிகளும் அப்படித்தான் நிற்பார்கள். அது தொழில் முறை.

அவர் பேச்சு அருமையாக இருந்தது. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்தத் தலை எந்த நூற்றாண்டு, எந்தப் பட்டறை, எந்தப் போருக்குப் பின் எந்தக் கடலில் கிடந்தது, யார் கண்டெடுத்தது, எந்த அரசருக்குப் போனது, இதன் அச்சுகள் உலகில் எத்தனை. போனில் விரல் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

அறவாழி பேசத் தொடங்கிய ஒரு நிமிடத்தில் நிலோபர் சத்தமில்லாமல் அவருக்குப் பின்னால் போனார். தலையை எடுத்துத் தரையில் வைத்தார். பிரஷ் கழுவும் வாளியை எடுத்து முக்காலியில் வைத்தார்.

நீல நிறப் பிளாஸ்டிக் வாளி. பாதித் தண்ணீர்.

அறவாழி பேசிக்கொண்டே போனார். கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. வழிகாட்டிகளுக்குச் சிரிக்கும் கூட்டம் பிடிக்கும். அவர் உற்சாகமானார். வலது கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோய், திரும்பாமல், ஆள்காட்டி விரலால் பின்னால் சுட்டினார். விரல் ஓர் அங்குலம்கூட விலகவில்லை. நேராக வாளியின் கைப்பிடியைக் காட்டியது.

"இப்ப இந்த மூக்கைக் கவனிங்க. நெத்தியில ஆரம்பிச்சு நுனி வரைக்கும் ஒரே கோடு. ஒரு மேடு பள்ளம் கிடையாது."

முதல் வரிசையில் ஜெனோவா என்ற பெண் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அவளால் அதற்கு மேல் முடியவில்லை.

"அண்ணா," என்றாள். "கொஞ்சம் திரும்புங்க."

அறவாழி திரும்பினார்.

வெகுநேரம் வாளியைப் பார்த்தார். தண்ணீரின் மேல் கொஞ்சம் சாயம் மிதந்தது.

அவர் முகத்தைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"எப்ப மாத்தினீங்க மேடம்?"

"நீங்க ஆரம்பிச்ச ஒரு நிமிஷத்துல."

"எவ்வளவு நேரம் பேசினேன்?"

"பன்னெண்டு நிமிஷம்."

அறவாழி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாணவர்கள் நிலோபரைப் பார்த்தார்கள். அவர் வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். நிலோபர் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் பிடித்தார்.


ஞாயிற்றுக்கிழமை புறாக்குன்றில் கூட்டம் அதிகம்.

அந்தக் குன்றின் புகழெல்லாம் ஒரு சிற்பப் பாறையில் இருக்கிறது. அதில் ஒருவர் யாழ் வாசிக்கிறார். அவரைச் சுற்றி மான்கள் நின்று கேட்கின்றன. பதினொரு மான்கள். அங்கே விற்கும் சிறு நூலில் பதினொன்று என்றுதான் இருக்கிறது. அறவாழிக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அவருடைய சித்தப்பாவும் பதினொன்று என்றுதான் சொன்னார். அறவாழி அதை நான்கு மொழிகளில் சொல்வார்.

அவர் நிற்கும் இடமும் சித்தப்பா காட்டியதுதான். பாறையின் இடது கீழ் மூலை. பத்தரை மணி வரை நிழல் இருக்கும். இடுப்பைச் சாய்த்துக்கொள்ளத் தோதான ஒரு சரிவும் உண்டு.

அன்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அறவாழி வழக்கமான இடத்தில் சாய்ந்து நின்று ஆரம்பித்தார். அரசரைச் சொன்னார். ஆண்டைச் சொன்னார். யாழைச் சொன்னார்.

"இசையைக் கேட்டு மயங்கி நிற்கிற மான்கள், மொத்தம்…"

நிறுத்தினார்.

ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். திரும்பிப் பாறையைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். அவர் எண்ணுவதைப் பார்த்து அந்தக் குடும்பமும் எண்ணியது.

"பதினொண்ணு," என்றார் அறவாழி. குரலில் நிம்மதி இருந்தது.

"பன்னெண்டு வருதே," என்றார் அந்த வீட்டம்மா.

"இல்லம்மா. பதினொண்ணுதான். புத்தகத்துலயும் இருக்கு."

"உங்க இடுப்புக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு பாருங்க. நீங்க தள்ளி நின்னா தெரியும்."

அறவாழி தள்ளி நின்றார்.

ஒரு சாண் உயரம் இருக்கும். குட்டி மான். முன்னங்கால் இரண்டையும் மடித்து உட்கார்ந்திருந்தது. கழுத்தை யாழின் பக்கம் நீட்டியிருந்தது. காது இருந்தது.

முகம் இல்லை.

கருங்கல் பருத்திச் சட்டையால் தேயாது என்று அறிஞர்கள் சொல்வார்கள். சரிதான். சிற்பி அதை முடிக்காமல் விட்டிருக்கலாம். மழை கரைத்திருக்கலாம். இவற்றையெல்லாம் குறித்துவைப்பதே முறை.

ஆனால் அந்தப் பாறையில் அந்த ஓர் இடம் மட்டும் வழவழப்பாக இருந்தது. பல பேர் பிடித்துத் திறந்த கதவின் கைப்பிடிபோல் கறுத்து மின்னியது.

அறவாழி துடைப்பதற்காகக் கைக்குட்டையை எடுத்தார். பிறகு துடைக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மீதி இடங்களை இன்னொரு வழிகாட்டி அந்தக் குடும்பத்துக்குக் காட்டினார். அறவாழி குட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். நிழல் போய் வெயில் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.


தேர்வு புதன்கிழமை மாலை. மூன்று மணி நேரம்.

அறவாழி புத்தகம் கொண்டுவரவில்லை. எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் சொன்னார். தன் இடத்தில் உட்கார்ந்தார்.

முதல் ஒரு மணி நேரம் அவர் தாளில் ஒரு கோடும் விழவில்லை. தலையைச் சுற்றி ஒரு முறை நடக்கலாமா என்று அனுமதி கேட்டார். நிலோபர் தலையசைத்தார். இரண்டு முறை நடந்தார். பிடரியைக் குனிந்து பார்த்தார். ஜெனோவா அவருக்காகக் கவலைப்பட்டு, கரித்துண்டால் தாளைத் தட்டி நேரத்தை நினைவூட்டினாள். அறவாழி கவனிக்கவில்லை.

இரண்டாம் மணியில் காதிலிருந்து தொடங்கினார். தாடை வந்தது. கழுத்து வந்தது. முடிச்சுருள்கள் ஒவ்வொன்றாக வந்தன. வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழுந்தது.

மூக்கு கடைசி.

கரித்துண்டைத் தாளுக்குக் கொண்டுபோனவர் கையை அப்படியே நிறுத்தினார்.

நெற்றியிலிருந்து கோடு நேராகத்தான் இறங்கியது. பாதி தூரம். அங்கே ஒரு சின்ன மேடு. அதன் பிறகு மூக்கு இலேசாக இடப்பக்கம் சாய்ந்தது. ஒரு நாசி மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. புருவங்களுக்கு நடுவில் தொடங்கி, கன்னம் வழியாக, மேலுதடு வரை தலைமுடியளவு மெல்லிய ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு உள்ளே பிளாஸ்டர் கொஞ்சம் அதிக வெள்ளை.

அறவாழி கண்ணைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தார்.

ஜன்னலருகே நிலோபர் நின்றிருந்தார். மாலை வெயிலில் அவருடைய பக்கவாட்டு முகம் தெரிந்தது.

அறவாழி தலையைப் பார்த்தார். நிலோபரைப் பார்த்தார். மறுபடி தலையைப் பார்த்தார்.

எழுந்து நின்றார்.

"மேடம்."

"பேசக் கூடாது சார். பரீட்சை."

"ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்க."

"இது யாரோட மூக்கு?"

வகுப்பில் எல்லாக் கரித்துண்டுகளும் நின்றன.

"யாரோடது மாதிரி தெரியுது?"

அறவாழி அந்த வகுப்பில் முதல் முறையாக ஒரு விடையைச் சொல்லத் தயங்கினார்.

நிலோபர் சுருக்கமாகச் சொன்னார். அவர் இதே வகுப்பில் இரண்டாம் வருஷம் படித்தபோது, பொங்கல் விடுமுறையில் தனியாக வரைய வந்தார். படம் வைத்து வரையும் அவருடைய ஈஸல் சாய்ந்து தலையின் மேல் விழுந்தது. மூக்கு பொடிப்பொடியாகப் போயிற்று. பிளாஸ்டர் இருந்தது. கத்தி இருந்தது. பார்த்துச் செய்ய ஒரு மூக்கு வேண்டியிருந்தது. கைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது.

"எத்தனை வருஷமா?"

"பதிமூணு."

"இவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும் அண்ணா," என்றாள் ஜெனோவா. "அதான் மேடத்தோட தம்பின்னு சொன்னோம்."

"நான் நீங்க மரியாதை இல்லாம பேசறீங்கன்னு நெனச்சேன்."

"அதுவும்தான்."

நிலோபர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு சார்."

அறவாழி உட்கார்ந்தார். மேட்டை வரைந்தார். சாய்வை வரைந்தார். சிறிய நாசியையும் பெரிய நாசியையும் வரைந்தார். பிறகு கரித்துண்டைக் கூராக்கிக்கொண்டு, புருவத்திலிருந்து உதடு வரை ஓடிய அந்த மெல்லிய கோட்டையும் வரைந்தார்.

பதிமூன்று வருஷத்தில் அதை வரைந்தவர் வேறு யாரும் இல்லை.

மணி அடித்தது. நிலோபர் தாள்களைச் சேகரித்துக்கொண்டு வந்தார். அறவாழியின் தாளுக்கு வந்ததும் நின்றார். கையை உயர்த்தித் தன் மூக்கை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். தாளை மற்றவற்றோடு சேர்த்து வைத்தார்.


டிசம்பரில் முடிவுகள் வந்தன. ஜனவரியில் அட்டை புதுப்பிக்கப்பட்டது.

பிப்ரவரியில் புறாக்குன்றுச் சுற்றுலா அலுவலகத்தின் புகார்ப் புத்தகத்தில் ஒரு பதிவு இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் எழுதியது. வழிகாட்டிக்கு விஷயம் தெரிகிறது, மரியாதையாகவும் நடந்துகொள்கிறார், ஆனால் ஒரு மணி நேரமும் எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார், பாதிப் பேச்சு காதில் விழவில்லை என்று அதில் இருந்தது.